இரண்டு தர்க்கம், ஒரு டம்ளர் தண்ணீர்

டம்ளர் தண்ணீரில் சன்னல் வெயில் மினுங்குகிறது. நாளை மகள் வேலைக்குப் போய்விட்டால், கை நடுங்கும் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க இந்த இயந்திரக் கைதான். அதை இயக்க மகள் எழுதிய முதல் தர்க்கத்தில், ஒரு செயலால் மாறுவதை மட்டுமல்ல, மாறாததையும் ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும். டம்ளரைத் தூக்கினால் சுவர் மாறாது, கதவு மாறாது என்று இயந்திரம் யோசித்துக்கொண்டே நிற்கிறது. “இது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள என் நாக்கு ஒட்டிக்கும்டி,” என்கிறாள் அம்மா. மகள் இரண்டாவது தர்க்கத்துக்கு மாற்றுகிறாள். தான் தொடாதது எதுவும் மாறாது என்பது அதன் நம்பிக்கை. சட்டென்று நீண்ட இயந்திரம், அம்மாவின் விரல்கள் சற்றுமுன் இருந்த இடத்தில் டம்ளரை விடுகிறது. மடியெல்லாம் தண்ணீர். மகள் துண்டால் மடியைத் துடைத்தபடி இயந்திரத்தை முறைக்கிறாள். மூன்றாவது தர்க்கம் அவளிடம் இல்லை. “அதைத் திட்டாதடி கண்ணு. எல்லாம் வச்ச இடத்துலதான் இருக்கு, என் கைதான் நிக்க மாட்டேங்குது.” டம்ளரை விட்ட இடத்திலேயே, விரல் விரித்தபடி, துளியும் நடுங்காமல் நிற்கிறது இயந்திரக் கை.