நாற்பது பேர் முன்னால்

"பின்வரிசைக்குக் கேக்கல. முதல்லேர்ந்து வாசி" என்றாள் லைன் லீடர்.

லைன் முழுக்கப் பெரியம்மா என்று கூப்பிடும் அந்தப் பெண், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினாள். "நேற்று என் கவனக்குறைவால் மூன்று செல்போன்களுக்கு ஸ்க்ரூ போடாமல் விட்டுவிட்டேன். லைனுக்கே தலைகுனிவு தேடித் தந்துவிட்டேன்..."

நீலத் தொப்பி போட்ட நாற்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டு நொடிக்கு ஒரு செல்போன் ஓடி வந்தால் ஐம்பது வயதுக் கண் என்னதான் செய்யும்?

சுவரில் விதிப் பலகை. நகம் வளர்க்கக் கூடாது, பேசக் கூடாது, சொந்தக்காரர்கள் ஒரே லைனில் இருக்கக் கூடாது, கேட்காமல் கழிப்பறைக்குப் போகக் கூடாது. மூச்சு விடுவதை மட்டும் ஏனோ மறந்துவிட்டார்கள்.

"வயசாயிடுச்சுன்னா வீட்டுல உக்கார வேண்டியதுதானே? எதுக்கு எங்க உயிரை வாங்குற?" லீடர் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். தள்ளி நின்ற மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பெரியம்மாவுக்குப் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் கூசியது. கண் எரிகிறது என்று பெரியம்மா நேற்றே அவளிடம் சொல்லியிருந்தாள். அதை எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்லியிருக்கலாம். தன் வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளையில் பெரியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அந்தச் சிடுமூஞ்சி லீடரைப் பற்றி ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னதும் பெரியம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"வேணாம்மா. விசாரணைன்னு வந்தா வீடு வரைக்கும் தோண்டுவாங்க. பாவம், அதுவும் காலையில வெறும் டீத்தண்ணியோட ஓடியாந்திருக்கு."

திட்டு வாங்கியவளே திட்டியவளுக்கு வக்கீலா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. என்ன ஆனாலும் சரி, நாளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஷிப்ட் முடிந்ததும், காலையில் வாய் திறக்காததற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று பெரியம்மாவைத் தேடிப் போனாள். உடை மாற்றும் அறையில், கடைசி அலமாரி வரிசைக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. பதறிப்போய் எட்டிப் பார்த்தாள்.

அழுதுகொண்டிருந்தது லீடர். நிமிர்ந்து பார்க்க முகமில்லாமல் பெரியம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். பெரியம்மா தொப்பியைக் கழற்றி அவள் கண்ணைத் துடைத்துவிட்டபடி, அடங்கிய குரலில் கண்டித்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுறப்ப குரல் நடுங்குதுடி உனக்கு. யாருக்காவது சந்தேகம் வந்தா ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

லீடர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியம்மா விடவில்லை.

"இனிமே அம்மாவாச்சேன்னு பாக்காம திட்டு."