பாதாம் இலையில் எழுதிய கூலி

எனக்கு வர வேண்டியது ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய், மூன்று நாள் கூலி. அதைத் தர வேண்டிய மேஸ்திரி ஜெகதீஷ், வானகரம் பைபாஸ் ஓரத்தில் நான் தண்ணீர் ஊற்றும் பாதாங்கன்றுக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்திக் காலை ஊன்றுகிறான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கன்டெய்னர் லாரிகள் எங்கள் மேல் புகையைக் கக்கிக்கொண்டே போகின்றன. ஓர் இலைகூடப் பச்சையாக இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கரி அப்பியிருக்கிறது. தண்ணீர் பட்டால் ஒட்டாமல் உருண்டு விழுகிறது. "இன்னா ஏகாம்பரம், செடிக்குத் தண்ணி ஊத்துறியா, டீசல் ஊத்துறியா?" என்கிறான். "நான் வேருக்குத்தான் ஊத்துறேன். கரி மேலேர்ந்து வருது." "அதெல்லாம் எனக்கு வாணாம். எல பச்சையா இருந்தா துட்டு, இல்லாங்காட்டி கெடையாது." அவன் முகத்துக்கு நேராகத் தொங்கும் இலையில் விரலை அழுத்தி 1350 என்று எழுதுகிறேன். எண்கள் கோணலாக விழுகின்றன, ஆனால் விரல் போன தடமெல்லாம் பச்சை. ஜெகதீஷ் அதையே முறைக்கிறான். பிறகு உள்ளங்கையால் இலை முழுவதையும் அழுத்தித் தேய்க்கிறான். "இந்தா, கணக்க அழிச்சிட்டேன். போய்க்கினே இரு." கறுத்த கையை என் சட்டையிலேயே துடைத்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்புகிறான். அவன் தேய்த்த அந்த ஓர் இலை மட்டும் முழுப் பச்சையாக ஆடுகிறது.