தினமும் ஒரு மயிரிழை

மொட்டைமாடிக் கதவின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. பூட்டுக்குக் குறுக்கே கணக்கு வாத்தியார் கோந்து தடவி ஒட்டிவைத்திருந்த நரைமுடிகூட அறுபடவில்லை. ஆனாலும் துருவ நட்சத்திரம் தெரிந்ததும் குனிந்து பார்த்தால், தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட் நேற்றைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது.

கீழ்வீட்டுக்காரி கள்ளச்சாவி போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினார் வாத்தியார். முடியை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிவைக்கும் அளவுக்குக் கைகாரி என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை வானத்தைப் படம் எடுப்பது. வானம் நகர நகர மவுண்டும் கூடவே தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டு போனால்தான் படத்தில் நட்சத்திரம் புள்ளியாக விழும். மவுண்டின் அச்சு துருவத்தை விட்டுக் குறி தவறினால் புள்ளியெல்லாம் கோடாகிவிடும். அதற்காகவே மாடியில் சிமெண்டுத் தூண் எழுப்பி, நாலு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். ஒருமுறை குறி வைத்தால் வருஷக்கணக்கில் அசையக் கூடாது. மூன்று வாரமாக அது தினமும் அசைந்தது.

யார் வேலை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கீழ்வீட்டில் குடியிருக்கும் தையல்காரி, படுக்கையறைக் கதவு நிலையில் சிக்கிக்கொள்கிறது, சரிபண்ணித் தாருங்கள் என்று வந்து நின்றாள். இழைப்புளி வாங்கி நீயே இழைத்துக்கொள் என்று திருப்பி அனுப்பினார். அந்த வாரமே மவுண்ட் குறி தவற ஆரம்பித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவர்தான். தனக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

துணி காயப்போட மாடிக்கு வராதே என்றார். பூட்டுப் போட்டார், பூட்டை மாற்றினார். ஒன்றும் பலிக்காமல், வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்.

அவளுக்கு அது வயிற்றில் அடித்த மாதிரி இருந்தது. பத்து வருஷமாகச் சேர்த்த வாடிக்கை அத்தனையும் இந்தத் தெருவில்தான். மூன்று நாள் கெஞ்சினாள். நாலாம் நாள் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை காலை தொலைநோக்கி மெக்கானிக் வந்தார். வாத்தியார் அவரைக் கூப்பிட்டது பழுது பார்க்க அல்ல. ஆள் கை பட்டுத்தான் நகர்ந்தது என்று மூன்றாம் மனிதர் வாயால் சொல்லவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெக்கானிக் மோட்டாரைப் பார்த்தார், பல்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார், நாலு போல்ட்டையும் ஸ்பானர் போட்டு இழுத்துப் பார்த்தார். எதுவும் தளரவில்லை.

"மவுண்ட்ல ஒரு குறையும் இல்ல சார்."

"அதத்தானே நானும் சொல்றேன். குறை கீழ இருக்கு."

மெக்கானிக் நோட்டைக் கேட்டார். தினமும் எவ்வளவு திருத்தினார் என்று வாத்தியார் தேதி போட்டு எழுதிவைத்திருந்தார், இருபத்தொரு வரி. அத்தனை வரியிலும் மேலே தூக்கியதுதான் இருந்தது. ஒரு நாள்கூட இறக்கவில்லை. கையால் அமுக்கியிருந்தால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், இது அளந்துவைத்த மாதிரி இருக்கிறதே என்று இழுத்தார் மெக்கானிக்.

"அளவெடுக்கறதுதானே அவ தொழிலே," என்றார் வாத்தியார்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. அந்தம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று படியிறங்கினார். சாட்சி கிடைத்துவிட்ட தெம்பில் வாத்தியாரும் பின்னாலேயே போனார்.

தையல்காரி மிஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். வாத்தியாரைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. கள்ளச்சாவியை எடு என்று அவர் கையை நீட்டியதும், பக்கத்திலிருந்த டப்பாவைத் தூக்கினாள்.

"வயசுக்கு மரியாதை குடுத்தது போதும். என் வீட்ல இருக்கறது இதுதான், நீங்களே தேடி எடுத்துக்கோங்க."

டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். நூல்கண்டுகள் சிவப்பும் பச்சையும் கறுப்புமாக நாலாபக்கமும் சிதறின. கட்டில் காலில் முட்டியவை, வாசற்படியில் முட்டியவை எல்லாம் ஒரு கணம் தயங்கிவிட்டு, மெதுவாகத் திரும்பி உருண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வடக்குச் சுவரில் போய் ஒதுங்கின. மவுண்ட் குறி பார்க்கும் திசையும் அதுதான்.

வாத்தியார் அதைக் கவனிக்கவில்லை. நாளைக்குள் காலி பண்ணாவிட்டால் சாமானைத் தெருவில் வீசிவிடுவேன் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அவளும் விடவில்லை, வீசித்தான் பாருங்கள் என்றாள்.

மெக்கானிக் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தார். பிறகு நிலையில் சிக்கிக் கிடந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தார். நிலையின் மூலையிலிருந்து உத்தரம்வரை சுவரில் விரல் நுழையும் விரிசல் ஓடியிருந்தது. ரசமட்டத்தை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, வாத்தியாரின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார்.

"சாயறது மவுண்ட் இல்ல சார், வீடு. அந்தம்மாவோட நீங்களும் இப்பவே காலி பண்ணுங்க."