எங்கள் தண்ணீர், அவர்கள் கட்டுரை

"அடையாள அட்டை இல்லாம கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது. எத்தனை தடவை சொல்றது?"

நூலகர் மணிமொழி கல்லூரி நூலகத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். வெளியே ஆராயியும் அவள் ஊர்ப் பெண்களும் நின்றார்கள்.

"இன்னாம்மா அநியாயம் இது? எங்க ஊரு போரிங் தண்ணிய பாட்டில் பாட்டிலா புடிச்சிட்டு வந்தது உங்க காலேஜ் வாத்தியாரு. அது குடிக்க லாயக்கில்லாத தண்ணினு எழுதினதும் அவருதான். அதை நாங்க பாக்கக் கூடாதா?"

"அவர் எழுதினது வெளிநாட்டுப் பத்திரிகையில. அச்சுப் புத்தகம் வராது, கம்ப்யூட்டர்லதான் படிக்கணும். காலேஜ் சந்தா கட்டுது. மாணவர்களும் ஆசிரியர்களும் மட்டும்தான் பார்க்கலாம்."

"அவரையே கேக்கலாம்னா ஊரை விட்டே போயிட்டாரு. என் பொண்ணுக்குக் கால் வளைஞ்சு போச்சும்மா. ஊர்ல பாதிப் பேருக்குப் பல்லெல்லாம் காவி. ஆபீசரு ஆதாரம் எங்கேங்கறாரு. திங்கக்கிழமை கலெக்டர்கிட்ட மனு குடுக்கப் போறோம். அந்தக் கட்டுரை இல்லன்னா மறுபடியும் இதே தண்ணிதான்."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. கலெக்டருக்குத் தெரியும்ல?"

பெண்களை விலக்கிக்கொண்டு காசி முன்னால் வந்தார். தோளில் சிவப்புத் துண்டு. திருவண்ணாமலையில் அவர் இல்லாமல் போராட்டப் பந்தலுக்குக் கால் நட்டதில்லை.

"ஏம்மா, தான் குடிக்கிற தண்ணியப் பத்திப் படிக்கறதுக்கு ஒருத்தி அடையாள அட்டை காட்டணுமா? சம்பளம் குடுக்கறவன் சொன்னா, நீ கதவுக்குப் பூட்டாவே தொங்குவியா?"

"சத்தம் போடாதீங்க. இது நூலகம்."

"சரி, சத்தம் போடலை. உக்காரப் போறோம்."

வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். காசி மெல்லிய குரலில் கோஷம் எழுப்பினார். "திற, திற... கதவைத் திற..." பெண்கள் கிசுகிசுவென்று திருப்பிச் சொன்னார்கள். உள்ளே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெளியே வரத்தான் வழியில்லை.

தாளாளர் கண்ணாயிரம் வேகமாக வந்தார்.

"காசி, பஸ் கட்டணம், பால் விலைனு போராடுவே. இப்ப லைப்ரரி வரைக்கும் வந்துட்டியா?"

"அன்னைக்குப் பால்ல தண்ணி கலந்தாங்கன்னு போராடினேன். இன்னைக்குத் தண்ணியில இன்னா கலந்திருக்குனு கேக்க வந்திருக்கேன்."

"வெளியாள் பார்த்தா பத்திரிகைக் கம்பெனிக்காரன் சந்தாவையே ரத்து பண்ணிடுவான். கேஸ் போடுவான். உனக்கு இதெல்லாம் புரியாது."

"சந்தா ஒப்பந்தத்தை எடுங்க. நூலகத்துக்கு நேர்ல வர்ற பொதுமக்கள், அங்கேயே உக்காந்து கம்ப்யூட்டர்ல படிக்கலாம், சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி எடுத்துக்கலாம்னு அதுல இருக்குது. இல்லன்னா நானே எழுந்து போயிடறேன்."

"அப்படில்லாம் இருக்காது. மணிமொழி, அந்த ஃபைலைக் கொண்டா."

ஃபைல் வந்தது. தாளாளர் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"கீழே கையெழுத்து உங்களதுதானே?" என்றார் காசி.

தாளாளர் அதைக் காதில் வாங்காதவர்போல மணிமொழி பக்கம் திரும்பினார். "இது இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மணிமொழி உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏன், படிக்கற உரிமை உங்களுக்கு மட்டும்தானா? துண்டறிக்கை படிச்சு வளர்ந்த ஆளுங்க நாங்க. சின்ன எழுத்தையும் விடமாட்டோம்" என்றார் காசி. "பத்திரிகை நிருபருங்களும் வந்துட்டிருக்காங்க."

பத்திரிகை என்றதும் தாளாளர் முகம் மாறியது. அடுத்த வாரம் கல்லூரியைப் பார்வையிட்டுத் தரம் போடும் குழு வேறு வருகிறது.

"நம்ம காலேஜே மக்களுக்காகத்தானேய்யா! மணிமொழி, இனிமே பொதுமக்களுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் ஒதுக்கி வை. வாசல்ல பெரிசா ஒரு போர்டும் எழுதி மாட்டிடு. இத்தனை நாள் இவங்களை ஏன் தடுத்தே?"

"நீங்க சொல்லித்தான் சார்..."

"எதிர்த்துப் பேசாதே!"

மணிமொழி தலையைக் குனிந்துகொண்டு கட்டுரையைத் தேடி எடுத்தாள். அச்சிட்ட தாள்களைச் சூடு ஆறுவதற்குள் ஆராயி கையில் திணித்தாள்.

வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் ஆராயி அந்தத் தாள்களை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"நீங்க இல்லன்னா இது கிடைச்சிருக்காது தோழரே. அந்தப் பொண்ணுக்கு ஈவு இரக்கமே இல்ல. கல்லு. ஊருக்குப் போய் அவளைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன் பாருங்க."

காசி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் எதுவும் சொல்லிடாதே. எனக்கு ஏது இங்கிலீஷு? நேத்து என் வீட்டைத் தேடி வந்து, அந்த விதியைத் தமிழ்ல சொல்லி மனப்பாடம் பண்ண வெச்சதே அந்தப் பொண்ணுதான். 'நான் கேட்டா வேலை போயிடும், நீங்க கேட்டா கதவு திறக்கும். ஆனா என்னை நல்லாத் திட்டணும் தோழர், கம்மியா திட்டினா தாளாளருக்குச் சேதி போய்ச் சந்தேகம் வந்துடும்'னு சொல்லிட்டுப் போச்சு."