எரிமலை வம்சம்

எரிமலையிலிருந்து வந்த கரியமில வாயு ஒன்றுக்கு, யாரைக் கண்டாலும் முதலில் சொந்த ஊரை விசாரித்தாக வேண்டும்.

அன்றைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கரியமில வாயு வந்து ஒதுங்கியது.

"நமக்கு எந்த ஊரு?"

"ஸ்கூட்டர் சைலன்சருங்க," என்றது அது, கூச்சத்தோடு.

எரிமலை வாயு சற்றுத் தள்ளி நின்றுகொண்டது.

"நாங்க பரம்பரையா எரிமலை. வெள்ளி கிரகத்துக் காத்துல நூத்துக்குத் தொண்ணூத்தாறு எங்க சொந்தக்காரங்கதான். செவ்வாயிலயும் எங்க ஆளுங்கதான் மெஜாரிட்டி. சைலன்சர்ல பொறந்தவன் அங்க ஒருத்தனாவது இருக்கானா?"

"அங்க ஸ்கூட்டரே இல்லீங்களே."

அதற்குள் கீழே இருந்த முருங்கை இலை ஒன்று, இரு வாயுக்களையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டது. மறுவாரம் அந்த இலையை ஓர் ஆடு தின்றது. அடுத்த நாள் ஆடு விட்ட கொட்டாவியில் இரண்டும் ஒன்றாக வெளியே வந்தன.

அங்கே மிதந்துகொண்டிருந்த சோடா பாட்டில் வாயு விசாரித்தது: "புதுசா இருக்கீங்களே, எங்கேருந்து வர்றீங்க?"

"ஆட்டு வாயிலேருந்துங்க, ரெண்டு பேருமே," என்றது ஸ்கூட்டர் வாயு.

எரிமலை வாயு விறைத்துக்கொண்டது. "இவன் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் மலைப் பக்கம்."

சோடா வாயு ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்றுகொண்டது.