கல்லறைச் சுவரைப் பற்றி ஒரு வரி

பிரசங்க பீடத்தில் கிடந்த தாளைப் பார்த்து, மேலே சுழன்ற மின்விசிறி கத்தியது.

"கல்லறைத் தோட்டத்துல சாதிக்குச் சாதி எதுக்குச் சுவர்னு எழுதியிருக்கே, அந்த வரியை மறைச்சுக்கோ! சுவர் கட்டின ஞானசிகாமணி ஐயாதான் என்னையும் வாங்கித் தந்தார். என் இறக்கையில அவர் பேரு இருக்கு. முன்வரிசையில உட்கார்ந்திருக்கார்."

"போதகர் மூணு தடவை எழுதி அடிச்சுட்டு, நாலாவது தடவையும் எழுதின வரி இது. மறைக்க மாட்டேன்" என்றது தாள்.

"பறக்கடிச்சிடுவேன்!"

"அடிச்சுத்தான் பாரேன்."

மின்விசிறி வெறிகொண்டு சுழன்றது. தாள் பறந்துபோய் ஞானசிகாமணியின் மடியிலேயே விழுந்தது. அவர் எடுத்துப் பார்த்தார். முகம் கறுத்தது. அவசரமாக மடிக்கப் போனார்.

பீடத்தில் வெறுங்கையோடு நின்ற போதகர் சொன்னார்: "மடிக்காதீங்க ஐயா. சபைக்குக் கேட்கிற மாதிரி நீங்களே வாசிங்க."