பெட்ரோல் வண்டி வரும் நாள்

மலாயாவின் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து விமானப் பெட்ரோல் ஏற்றிவந்த சரக்கு ரயில் சாலாக் செலாத்தான் நிலையத்தில் நின்ற பிறகுதான் ஓட்டுநர் நாகையாவுக்கு மூச்சே வந்தது. அங்கே ஒரு கொட்டகையில் விமான என்ஜின்களை ஓட்டிச் சோதிப்பார்கள். அதற்குத்தான் இந்தப் பெட்ரோல்.

வழக்கம்போல வேலியோரம் இராஜம்மா தன் சின்ன மகளோடு காத்திருந்தாள். மோர்ச் செம்பை நீட்டினாள்.

"இனிமே எனக்காகக் காத்திருக்காதம்மா. ஒரு பொறி பட்டா நான் மிஞ்ச மாட்டேன். வேற வண்டி கேட்டிருக்கேன்," என்றார் நாகையா.

அவள் முகம் வாடியது. "அப்ப பெட்ரோல யாருண்ணே கொண்டாருவா?"

"யாரும் ஒத்துக்கல. ஏன், உன் வீட்டுக்காரருக்குக் கொட்டகையிலயா வேலை?"

"இல்லண்ணே, ரப்பர் தோட்டத்துல."

"பின்ன என்ன கவலை? அந்த என்ஜின் இரைச்சல் நின்னா இந்தக் கம்பத்து ஜனங்களே நிம்மதியா இருப்பாங்க லா."

பெட்ரோல் இறங்கியது. சற்று நேரத்தில் கொட்டகையில் என்ஜின் முழங்க, தரையே அதிர்ந்தது. நாகையா இரு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமி சட்டென்று தலை நிமிர்ந்தாள். கொட்டகைப் பக்கம் திரும்பிச் சிரித்தாள், கைகொட்டினாள்.

இராஜம்மா அவர் அருகே வந்து உரக்கச் சொன்னாள்: "நான் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பாத புள்ளண்ணே. செவிடுன்னு டாக்டரே கைவிட்டுட்டாரு. இந்த ஒரு சத்தம்தான் அவளுக்குக் கேக்குது. நீங்க கொண்டாந்து குடுத்தது."

நாகையா காதிலிருந்து கைகளை எடுத்தார்.

"அடுத்த வாரமும் நானே வரேம்மா," என்று அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினார்.